எதிர்முழக்கமும் பாட்டின் சொல்லும்

கிணற்றை எட்டிப் பார்த்துத் தன் பெயரைத் தானே கூவி மகிழாத சிறுவரை நம் ஊர்ப்புறங்களில் காண்பது அரிது. கூவிய பெயர் கிணற்றுச் சுவரெங்கும் மோதி, பருத்து, சற்று நேரம் நின்று, பிறகு மெல்லத் தேய்ந்து மறையும். மலையடிவாரத்தில் நின்று கூவினால் நிகழ்வது வேறு. போன குரல் சிறிது நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வரும். முன்னதை எதிர்முழக்கம் என்றும் பின்னதை எதிரொலி என்றும் இயற்பியல் பாடநூல்கள் பிரித்துக் கூறும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்வது. ஆகவே பதினேழு மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, பத்தில் ஒரு நொடிக்குப் பின் வந்து தனியே கேட்கும். அருகில் உள்ள சுவர்களிலிருந்து வருவன அவ்வாறு தனித்தனியே கேட்கமாட்டா. நூறும் ஆயிரமுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூல ஒலிக்கு வால் முளைத்ததுபோல் நீண்டு ஒலிக்கும். அந்த வாலைப் பற்றியதே இக்கட்டுரை.

இயற்பியல் வகுப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து போகும் இச்செய்தியை விரித்து எழுதக் காரணம் உண்டு. இன்று கைபேசியும் கணிப்பொறியும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடம் ஆகிவிடுகிறது. நம் கல்லூரி இசைக் குழுவினர் தம் பாடல்களைத் தாமே பதிவு செய்கின்றனர். தமிழ்த் துறை நண்பர்கள் ஊர் ஊராகச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் திரட்டி வருகின்றனர். இவ்விரு சாராருக்கும் ஒலிக்கலவை செய்து கொடுக்கும் பணி கடந்த ஈராண்டுகளாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் தவறாமல் சொல்வது ஒன்றே: “இன்னும் கொஞ்சம் ரிவெர்ப் போடுங்கள், குரல் இனிக்கும்.” ஒலிப்பதிவுக் கூடங்களில் எதிர்முழக்கத்துக்கு வழங்கும் பெயர் ரிவெர்ப்.

எதிர்முழக்கம் இனிப்பு அன்று; அது தூரம். இதை ஒப்புக்கொண்டால் எவ்வளவு, எங்கே, எப்போது என்ற வினாக்களுக்கு விடை தானே கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பாட்டின் சொல் பறிபோகும்.

தூரம் என்று ஏன் சொல்கிறேன்? ஓர் அறையில் ஒருவர் பாடுகிறார். அவரை விட்டு நாம் விலக விலக, அவர் வாயிலிருந்து நேரே வரும் ஒலி தளர்கிறது. தொலைவு இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும். ஆனால் சுவர்களில் மோதித் திரியும் ஒலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கும். ஆகவே அருகில் நேரொலி மிகுதி, தொலைவில் முழக்கம் மிகுதி. இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டுதான் கண்ணை மூடிக்கொண்டும் பாடுபவர் பக்கத்தில் இருக்கிறாரா, மண்டபத்தின் கோடியில் இருக்கிறாரா என்று நம் செவி அறிகிறது. கலவை செய்பவர் ரிவெர்ப் திருகியை ஏற்றும்போது உண்மையில் பாடகரைப் பின்னால் தள்ளி உட்கார வைக்கிறார். தாலாட்டுப் பாடும் தாயைக் கோயில் மண்டபத்தின் மறுகோடியில் கொண்டுபோய் நிறுத்துவது முறையா?

இத்துறைக்கு அடிகோலியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் விரிவுரை ஒரு சொல்லும் விளங்கவில்லை. பேசிய சொல் ஏறத்தாழ ஐந்தரை நொடி அங்கேயே நின்றது. அதற்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தன. 1895-ல் இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு இளைஞர் சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையில் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழலும் நிறுத்து கடிகாரமும் தம் இரு செவிகளும்தான். ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து கூடத்தில் அடுக்குவார். குழலை ஒலித்து நிறுத்துவார். ஒலி செவிக்கு எட்டாமல் மறையும் வரை நேரம் கணக்கிடுவார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. இதிலிருந்து பிறந்ததே சபைன் வாய்பாடு: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர் அளவால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும். ஒலி அறுபது டெசிபல் தளர, அதாவது அதன் ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, ஆகும் நேரம் அது. 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு இக்கணக்கைத் துணைகொண்டு எழுந்தது.

இவ்வாய்பாட்டை நம் வீட்டு அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள காங்கிரீட் அறை. கன அளவு 36. ஆறு பக்கங்களின் பரப்பு 66 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் தரை ஓடும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உட்கவர்வன. நூற்றுக்கு மூன்று என்று கொண்டால் மொத்த உட்கவர் அளவு ஏறத்தாழ 2. முழக்க நேரம் 2.9 நொடி! ஒரு சிற்றறை மண்டபத்தின் வேலையைச் செய்கிறது. பத்துச் சதுர மீட்டர் அளவுக்கு இலவம்பஞ்சு மெத்தையும் ரஜாயும் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தி, அவை நூற்றுக்கு அறுபது உட்கவரும் என்று கொண்டால், உட்கவர் அளவு 8 ஆகி, நேரம் 0.7 நொடியாக இறங்கிவிடும். சிற்றறைகளில், அதிலும் கனத்த ஒலிகளில், இக்கணக்கு அப்படியே பலிப்பதில்லை. ஆயினும் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. பாடுபவரின் முதுகுப்புறம் மெத்தை, தரையில் ஜமக்காளம், துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்தல், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பிடித்தல் என்ற நான்கும் காசு கேட்பன அல்ல. கலவையின் முதற்பாடம் பதிவிலேயே முடிந்துவிடுகிறது. ஏனெனில் அறை பதித்துவிட்ட முழக்கத்தைப் பின்னால் முழுவதும் களைய முடியாது. இல்லாத முழக்கத்தை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கும் வழிகளின் வரலாறும் சுவையானது. 1947-ல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர், ஹார்மோனிகா இசைக்குழு ஒன்றின் பதிவுக்குக் குளியலறையையே முழக்க அறையாகப் பயன்படுத்தினார். ஓர் ஒலிபெருக்கியும் ஒரு மைக்கும் உள்ளே வைத்து, பாட்டை அங்கே ஒலிக்கச் செய்து, முழக்கத்தோடு திரும்ப எடுத்துக்கொள்வது அம்முறை. (குளியலறைப் பாடகர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமோ?) 1957-ல் மேற்கு ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதன் அதிர்வையே முழக்கமாக விற்றது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர், சுவரும் தகடும் இன்றி எண்களாலேயே எதிர்முழக்கத்தை ஆக்கலாம் என்று காட்டினார். ஒரு நொடிக்கு ஆயிரம் எதிரொலிகளாவது விழுந்தால்தான் செவி ஏமாறும் என்பது அவர் கண்டது. 1976-ல் ஈ.எம்.டி. 250 என்ற எண்முறைக் கருவி வந்தது. இன்று நம் கணிப்பொறியில் விலையின்றிக் கிடைக்கும் ரிவெர்ப் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே இருப்பது ஷ்ரோடர் வகுத்த அமைப்பின் வாரிசுதான்.

இனி நம் மொழிக்கு வருவோம். இங்குதான் நான் மிகவும் வலியுறுத்தும் செய்தி இருக்கிறது.

‘பட்டம்’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். ‘ப’ ஒலித்ததும் நா மேலே சென்று ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு கணம் ஒன்றுமே ஒலிப்பதில்லை. அந்த மௌனம் உடைந்து ‘டம்’ வெளிப்படுகிறது. அந்த மௌனம்தான் ‘ட்’. ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை என்று நம் இலக்கணம் வகுத்தது, வல்லினத்தைப் பொறுத்தவரை, மௌனத்துக்கு அளந்து கொடுத்த இடம் என்றே நான் கொள்கிறேன். ‘படம்’ என்னும்போது அந்த இடைவெளி இல்லை. நா தொட்டவுடன் விலகிவிடுகிறது. பட்டத்துக்கும் படத்துக்கும், மட்டத்துக்கும் மடத்துக்கும் உள்ள வேற்றுமையில் பெரும்பங்கு இந்த மௌனத்துக்கே உரியது.

இந்த மௌனத்துக்குள் எதிர்முழக்கம் புகுந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டே பார்க்கலாம். பாட்டில் அந்த ஒற்றின் இடைவெளி 0.15 நொடி என்று கொள்வோம். முழக்க நேரம் 2 நொடி எனின், ஒலி நொடிக்கு 30 டெசிபல் வீதம் தளரும். 0.15 நொடியில் நாலரை டெசிபல்தான் குறையும். முந்தைய உயிரொலியின் வால் மௌனம் முழுவதையும் நிரப்பிவிடும்; ‘பட்டம்’ படமாகத் தேய்ந்து கேட்கும். குறில் நீண்டு நெடில் போலவும் தோன்றும்; ‘பல்’ பாலாகும், ‘கல்’ காலாகும். அதே இடத்தில் 0.8 நொடி முழக்கம் வைத்தால் 0.15 நொடியில் பதினோரு டெசிபல் இறங்கிவிடும். முழக்கத்தின் அளவையும் நேரொலிக்குப் பதினைந்து டெசிபல் கீழே வைத்தால், மௌனம் முடியும் தறுவாயில் அது இருபத்தாறு டெசிபல் கீழே கிடக்கும். சொல் பிழைத்துக்கொள்ளும். மேலைநாட்டு ஒலிக்கலவைப் பாடங்களில் மெதுவான பாட்டுக்கு நீண்ட முழக்கம் வைக்கச் சொல்வர். தமிழ்ப் பாட்டுக்கு அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. மெதுவான பாட்டிலும் ஒற்றுக்குரிய மௌனம் மிகவும் நீண்டுவிடுவதில்லை, நீள்வது நெடிலே.

கமகத்துக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. மேலைநாட்டு இசையில் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின்மேல் விழுந்தால், பல இடங்களில் அது இசைவான சேர்க்கையாகவே அமையும். நம் இசையிலோ குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. சென்ற வழியெல்லாம் சுரமே. அந்த வழியின் ஒவ்வோர் இடத்திலும் வால் தங்கிவிட்டால், ரிஷபத்தின் அசைவு சட்ஜத்தின்மேல் படிந்து குழம்பும். கமகம் மிகுந்த இராகத்துக்கு முழக்கம் குறைய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, திருகிகளை எப்படி வைப்பது? ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர் பலரிடம் இருப்பது அதுவே. குரல் தடத்தின்மேல் நேரே முழக்கத்தை ஏற்றாதீர்கள். தடத்தை ஒரு படி எடுத்து, அந்தப் படியின்மேல் மட்டும் ரிவெர்ப் செலுத்தி, ‘வெட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தால், மூலக் குரல் ஒரு தடத்திலும் வெறும் முழக்கம் மறு தடத்திலும் நிற்கும். பிறகு முழக்கத் தடத்தின் அளவை ஏற்றி இறக்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசிக்கலாம். பெரிய மென்பொருள்களில் ‘சென்ட்’ என்னும் வழி இதையே செய்கிறது. பாட்டின் எல்லாத் தடங்களையும் ஒரே முழக்கத்துக்கு வெவ்வேறு அளவில் அனுப்பினால், எல்லாரும் ஒரே கூடத்தில் முன்னும் பின்னுமாக அமர்ந்திருப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முழக்கம் வைத்தால் ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு கச்சேரி செய்வதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது ‘பிரிடிலே’, அதாவது முழக்கம் தொடங்குமுன் விடும் தாமதம். 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வின்படி, நேரொலியை அடுத்து முப்பது நாற்பது மில்லிநொடிக்குள் வரும் மறுஒலியைச் செவி தனியே பிரித்து அறிவதில்லை. நேரொலியோடு சேர்த்தே கேட்கும். இருபதிலிருந்து முப்பது மில்லிநொடி வரை தாமதம் வைத்தால் சொல்லின் தலையெழுத்து கறைபடாமல் செவிக்குச் சேர்ந்தபின் முழக்கம் எழும். பாடகர் அருகிலும் சுவர்கள் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றும். தூரத்தைக் கூட்டாமல் இடத்தைக் கூட்டும் வழி இது ஒன்றே. ஆனால் இது தலையெழுத்தைக் காக்குமே தவிர நடுவில் உள்ள ஒற்றைக் காக்காது. அதற்கு முன்சொன்ன குறுகிய நேரமும் தாழ்ந்த அளவுமே துணை.

மூன்றாவது, முழக்கத் தடத்தின் கனத்த ஒலிகளை வெட்டுவது. இலண்டனின் அபே ரோடு கூடத்தில் முழக்கத்துக்கு அனுப்பும் ஒலியில் 600 ஹெர்ட்சுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்சுக்கு மேலும் வெட்டிவிடும் வழக்கம் பெயர்பெற்றது. ஆண் குரலுக்கு 600 சற்று அதிகம் என்பது என் கருத்து. 300, 400 போதும். மிருதங்கத்துக்கு மட்டும் தயங்காமல் வெட்டுங்கள். தொப்பியின் ‘தொம்’ தானே கார்வை உடையது. அதற்கு மேலும் முழக்கம் ஏற்றினால் தாளமே சேற்றில் இறங்கும். வலந்தலைச் சொற்களுக்குச் சிறிது போதும். தம்புராவுக்குத் தேவையே இல்லை. இடையறாது ஒலிப்பதற்கு வால் எங்கே தெரியப்போகிறது? புல்லாங்குழல் எவ்வளவு கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்குச் சொல்லும் இல்லை, ஒற்றும் இல்லை.

அளவைத் தேர்வது செவியின் வேலை. முழக்கம் தனியே தெரியத் தொடங்கும் வரை ஏற்றி, பிறகு சிறிது இறக்கி, முழக்கத் தடத்தை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் பாட்டு வறண்டு போனால் அளவு சரி. அணைத்தபின் சொற்கள் தெளிந்து கேட்டால் அளவு மிகை. செவி விரைவில் பழகிவிடும் உறுப்பு. அரை மணி நேரம் கேட்டபின் எவ்வளவு முழக்கமும் குறைவாகவே தோன்றும். எழுந்துபோய்த் தேநீர் அருந்திவிட்டு வந்து கேளுங்கள். ஹெட்போனில் வால் நுணுக்கமாகக் கேட்கும். முழங்குகிற அறையில் வைத்த ஒலிபெருக்கியில் அறையின் முழக்கமே அதை மூடிவிடும். ஆகவே இரண்டிலும் கேட்க வேண்டும். மற்றவர் கேட்கப்போவது பெரும்பாலும் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில். இருபுறமும் விரிந்த முழக்கம் ஒற்றை ஒலிபெருக்கியில் ஒடுங்கும்போது நடுவில் நிற்கும் குரலைவிடத் தாழ்ந்துபோகும் என்பதையும் மனத்தில் கொள்க. சொல் அறியாத ஒருவரை அழைத்து, கேட்டதை எழுதச் சொல்வதும் நல்ல சோதனை. பாட்டை முன்னரே அறிந்த நமக்கு எல்லாச் சொல்லும் கேட்பதுபோலவே இருக்கும்.

தமிழ்த் துறை நண்பர்களின் பதிவுகளுக்கு வருகிறேன். திண்ணையில் அமர்ந்து ஒரு பாட்டி பாடுகிறார். பின்னால் சேவல் கூவுகிறது, பேருந்து செல்கிறது, மின்விசிறி சுழல்கிறது. இப்பதிவின்மேல் முழக்கத்தை ஏற்றினால் பாட்டி மட்டுமா மண்டபத்துக்குப் போகிறார்? சேவலும் பேருந்தும் கூடவே போகும். மண்டபத்துக்குள் கூவும் சேவலைக் கேட்டு ஒருமுறை வகுப்பே சிரித்தது. சிரிப்புக்கு அப்பால் ஒன்று உண்டு. ஒப்பாரியில் வரும் பல சொற்களை அந்தப் பாட்டிக்குப்பின் சொல்வார் இல்லை. அகராதியிலும் அகப்படாத அச்சொற்கள் தங்கியிருக்கும் இடம் அந்த ஒலிக்கோப்பு ஒன்றுதான். அண்மையில் வேறோர் ஊரில் திரட்டிய ஒப்பாரிப் பதிவு ஒன்றை எழுத்தில் பெயர்க்க என்னிடம் தந்தனர். யாரோ இனிமை கருதி நிறைய முழக்கம் ஏற்றி, மூலத்தை அழித்துவிட்டிருந்தனர். பாட்டியார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. இறந்தவரை விளித்த உறவுச்சொல் ஒன்றின் நடுவில் இருப்பது ஒற்றா, நெடிலா என்று நால்வர் இரண்டு மாலைகள் கேட்டும் துணிய முடியவில்லை. எழுத்துப்படியில் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது.

ஆகவே இப்போது எங்கள் வழக்கம் இது. கைபேசியில் பதிந்த கோப்பை எதுவும் செய்யாமல் அப்படியே இரண்டு இடங்களில் படி எடுத்து வைக்கிறோம். ஊர், நாள், பாடியவர் பெயர் மூன்றையும் அவர் இசைவு பெற்றுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். எழுத்தில் பெயர்ப்பது அதிலிருந்துதான். கல்லூரி விழாவில் ஒலிபரப்பவோ மற்றவர்க்கு அனுப்பவோ தனியாக ஒரு படி எடுத்து, அதற்கு மட்டும் முழக்கம் சேர்க்கிறோம். சென்ற மாதம் வந்த தாலாட்டு ஒன்றுக்கு நான் வைத்தவை: நேரம் 0.7 நொடி, தாமதம் 25 மில்லிநொடி, 400 ஹெர்ட்சுக்குக் கீழ் வெட்டு, அளவு குரலுக்குப் பதினெட்டு டெசிபல் கீழே. பாடிய அம்மாவிடம் கொண்டுபோய் ஒலிக்கச் செய்தபோது, “நம்ம வீட்டுலதானே பாடுனேன், அப்படியே இருக்கு” என்றார்.